எத்தனை அப்டேட் பாக்கி? ஆட்டோமேஷன் போடும்போது கணக்கு தப்பும் இடங்கள், அறிகுறி வாரியாக

பெரிய கோடுபேஸில் முதன்முதலாக ரெனோவேட் அல்லது டிபெண்டபாட் என்ற பாட்டை (கோடு நம்பியிருக்கும் பேக்கேஜ்களுக்குப் புது வெர்ஷன் வந்ததா என்று பார்த்து அப்டேட்டை முன்வைக்கும் தானியங்கி நிரலை) போடப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: மொத்தம் எத்தனை அப்டேட் பாக்கி, எப்போது முடியும்? கேள்வி எளிது. ஆனால் ஐந்து பேர் ஐந்து இடத்தில் பார்த்து ஐந்து எண் சொல்வார்கள். அதில் எதை நம்பித் தேதி கொடுப்பது என்று தெரியாமல்தான் பல குழுக்கள் பாட்டைப் போட்ட கையோடு அணைத்தும் விடுகின்றன. அப்படி அணைத்துவிட்டால் அந்த ரிப்போவில் (கோடு முழுவதும் இருக்கும் களஞ்சியத்தில்) மறுபடி அதைப் பற்றிப் பேசவே ஆண்டுக்கணக்காகும். அதனால் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே சரியாக எடுப்பது ரொம்ப முக்கியம்.

இதில் வரும் உதாரணங்கள் நான் அன்றாடம் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்தவை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கான மென்பொருள் அது. எடைமேடை, நெல் வரவு, ஈரப்பதப் பிடித்தம், பில், கணக்கு எல்லாம் ஒரே ரிப்போவில் இருக்கின்றன. திரைகள் ரியாக்டில், சர்வர் ஜாவாவில், எடைமேடைக் கணினியில் ஓடுவது நோடில், அறிக்கைகள் பைத்தானில். உங்கள் ரிப்போவின் தொழில் வேறாக இருக்கலாம், அறிகுறிகள் இவைதான்.

அறிகுறி: பாட் ஓடத் தொடங்கி நாளாகிறது, சில பிஆர் (புல் ரெக்வெஸ்ட், அதாவது ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) மட்டும்தான் வந்திருக்கிறது. "அவ்வளவுதானா பாக்கி?"

இல்லை. நீங்கள் பார்ப்பது வரம்பு. ரெனோவேட்டின் இயல்பு அமைப்பில் மணிக்கு 2 பிஆர்தான் திறக்கும், ஒரே நேரத்தில் 10-க்கு மேல் திறந்து வைக்காது. டிபெண்டபாட்டில் வெர்ஷன் அப்டேட்டுக்கு இயல்பான வரம்பு 5. பின்னால் முப்பது இருந்தாலும் முந்நூறு இருந்தாலும் முன்னால் தெரிவது அதே ஐந்தோ பத்தோதான். வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்து மேட்டூரில் எத்தனை அடி என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

வரம்பை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு காலையில் நூற்றுக்கும் மேல் பிஆர் வந்து விழுந்தால் குழுவில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். பிஆர் திறக்காமலே எண்ணுவதற்கு வழி இருக்கிறது.

ரெனோவேட்டில் ட்ரைரன் என்ற அமைப்பு உண்டு. அதற்கு மூன்று மதிப்புகள். "எக்ஸ்ட்ராக்ட்" என்றால் எந்தெந்த ஃபைலில் என்னென்ன பேக்கேஜ் என்று மட்டும் எடுக்கும். "லுக்அப்" என்றால் அதோடு சேர்த்துப் புதிய வெர்ஷன்களையும் தேடிப் பார்க்கும். பிராஞ்ச் (மாற்றத்துக்கான தனிக் கிளை) எதையும் உருவாக்காது. "ஃபுல்" என்றால் பிராஞ்ச், பிஆர் வேலைகள்வரை போய், செய்ய இருந்ததை லாகில் (ஓட்டத்தின் பதிவேட்டில்) சொல்லிவிட்டு நின்றுவிடும். நமக்கு வேண்டியது "லுக்அப்". கிட் சர்வர் பக்கமே போக வேண்டாம் என்றால், உங்கள் கணினியில் இருக்கும் ரிப்போ ஃபோல்டரிலேயே பிளாட்ஃபார்மை "லோக்கல்" என்று கொடுத்தும் ஓட்டலாம். அதுவும் தேடிப் பார்ப்பதோடு நின்றுகொள்ளும்.

லாக் லெவலை டீபக் ஆக்கி, லாகை ஜேசனாக ஒரு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அதில் "பேக்கேஜ்ஃபைல்ஸ் வித் அப்டேட்ஸ்" என்ற ஒரு பெரிய பதிவு இருக்கும். என்பிஎம், மேவன், டாக்கர்ஃபைல், பிப் என்று பேக்கேஜ் கருவிகளின் வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் அதிலுள்ள பேக்கேஜ்கள், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இப்போதைய வெர்ஷன், வரவேண்டிய வெர்ஷன், அது மேஜரா (பழைய கோடை உடைக்கக்கூடிய பெரிய மாற்றம்) மைனரா (புது வசதி) பேட்சா (சின்னத் திருத்தம்), எந்தப் பிராஞ்சில் வரும், எந்தத் தேதியில் வெளியானது என்று எல்லாம் இருக்கும். பாக்கிக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதைச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றால் அட்டவணையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்த அட்டவணையே போதும்.

டிபெண்டபாட்டில் பாக்கியை மொத்தமாகக் காட்டும் இடம் கிடையாது. கடைசியில் டிபெண்டபாட்டையே போடுவதாக இருந்தாலும், எண்ணுவதற்கு மட்டும் ரெனோவேட்டை ஒருமுறை லோக்கலாக ஓட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அறிகுறி: எண் ரொம்பக் குறைவாக வருகிறது

பெரிய ரிப்போவில் கணக்கு குறைவாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பாட் சில இடங்களைப் பார்க்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் ஃபோல்டர்கள். ரெனோவேட்டின் பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு நோட்மாட்யூல்ஸ், வெண்டர், எக்ஸாம்பிள்ஸ், டெஸ்ட், டெஸ்ட்ஸ் போன்ற பெயருள்ள ஃபோல்டர்களைத் தானாகவே விட்டுவிடும். பழைய பிஎச்பி மாட்யூலையோ ஒருங்கிணைந்த சோதனைத் தொகுப்பையோ அந்தப் பெயரில் வைத்திருந்தால் அதிலுள்ள எதுவும் கணக்கில் வராது. "எக்ஸ்ட்ராக்ட்" ஓட்டத்தில் வரும் ஃபைல் பட்டியலையும், ரிப்போவில் நீங்களே தேடி எடுத்த பேக்கேஜ் ஃபைல் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விடுபட்டவை கண்ணில் படும். டிபெண்டபாட்டிலோ பிரச்சினை தலைகீழ்: நீங்கள் அமைப்பு ஃபைலில் எழுதிய ஃபோல்டரை மட்டும்தான் அது பார்க்கும். எழுத மறந்தது கணக்கில் இல்லை.

அடுத்து, "ஸ்கிப்ரீசன்" என்று லாகில் வருவது. வெர்ஷனே குறிப்பிடாத பேக்கேஜ், டாக்கர்ஃபைலில் வெர்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் மாறி (வேரியபிள்) போட்டிருப்பது, இவையெல்லாம் இந்தக் காரணத்தோடு தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இவற்றைத் தனிப் பத்தியாக எண்ணுங்கள். பாட்டால் பார்க்க முடியாத பாக்கி இது. கையால்தான் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, லுக்அப் தோல்வி. நிறுவனத்துக்குள் மட்டும் இருக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வரும் பேக்கேஜுக்கு அனுமதி கொடுக்காவிட்டால் ரெனோவேட் அதைத் தேடித் தோற்று, லாகில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அட்டவணையில் அந்தப் பேக்கேஜுக்கு நேராக அப்டேட் கட்டம் காலியாக இருக்கும். பார்ப்பவருக்கு அது புதுசாக இருப்பதாகத் தோன்றும். கிட்ஹப் டோக்கன் இல்லாமல் ஓட்டினாலும் இதே கதைதான். கிட்ஹப் ஏபிஐ டோக்கன் இல்லாதவர்களுக்கு மணிக்கு 60 வேண்டுகோள்தான் தரும். பெரிய ரிப்போவுக்கு அது கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். டோக்கனோடு போனால் மணிக்கு 5,000. முதல் ஓட்டத்துக்கு முன்பே டோக்கனைக் கொடுத்துவிடுங்கள், எச்சரிக்கை வரிகள் பூஜ்யமாகும்வரை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அறிகுறி: எண் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒரே பேக்கேஜ் பல மாட்யூல்களில் இருப்பதால் வரிகள் பெருகியிருக்கும். மேவனில் ஒரே பிராபர்ட்டியை வைத்து எட்டு ஆர்ட்டிஃபாக்ட் வெர்ஷன் வாங்கும்; பட்டியலில் எட்டு வரி, வேலை ஒன்று. அப்புறம், பின் செய்யும் (ஒரே வெர்ஷனில் நிலைநிறுத்தும்) அப்டேட்களும் டைஜஸ்ட் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) அப்டேட்களும். டாக்கர் இமேஜையும் கிட்ஹப் ஆக்ஷனையும் டைஜஸ்ட்டோடு பின் செய்யும் அமைப்பைப் போட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் முதல்முறை ஒரு பின் வரி வரும். அது பழைய பாக்கி இல்லை, புது ஏற்பாட்டுக்கான ஒருமுறைச் செலவு.

வரிகளை எண்ணாமல் பிராஞ்ச் பெயர்களைத் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு பிராஞ்ச் என்றால் ஒரு பிஆர், ஒரு பில்ட், ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரு முடிவு. ஒரே மோனோரிப்போவிலிருந்து (பல பேக்கேஜ்கள் சேர்ந்திருக்கும் ரிப்போவிலிருந்து) வெளிவரும் பேக்கேஜ்களை ரெனோவேட் தானாகவே ஒரே பிராஞ்சில் சேர்த்துவிடும் என்பதால் வரி எண்ணுக்கும் பிராஞ்ச் எண்ணுக்கும் நல்ல இடைவெளி இருக்கும். மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய எண் பிராஞ்ச் எண்.

அறிகுறி: ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு எண் சொல்கிறது

என்பிஎம் அவுட்டேட்டட் கட்டளையில் "வான்டட்", "லேட்டஸ்ட்" என்று இரண்டு நெடுவரிசைகள் வரும். உங்கள் பேக்கேஜ் ஃபைலில் எழுதிய வரம்புக்குள் போகக்கூடிய உச்சம் வான்டட். வெளியில் உள்ள புதியது லேட்டஸ்ட். ஒருவர் வான்டட்டை எண்ணியிருப்பார், இன்னொருவர் லேட்டஸ்ட்டை. இரண்டு பேரும் சரிதான். வான்டட்வரை போவது லாக் ஃபைலை (நிறுவிய வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் ஃபைல், மேலே சொன்ன பதிவேடு அல்ல) புதுப்பித்தால் முடிந்துபோகும் வேலை. லேட்டஸ்ட்வரை போவதில் மேஜர் மாற்றங்களும் சேரும். இதை இரண்டு எண்ணாகவே எழுதி வையுங்கள்.

பாதுகாப்பு எச்சரிக்கைப் பட்டியல் எதோடும் ஒத்துப்போகவில்லையா? ஒத்துப்போகாது. அது லாக் ஃபைலுக்குள் ஆழத்தில் இருக்கும் மறைமுக டிபெண்டன்சிகளையும் பார்க்கிறது. பாட்டின் பாக்கிப் பட்டியலில் பெரும்பாலும் நீங்கள் நேரடியாக எழுதியவைதான் இருக்கும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல இடங்களில் நடந்த தடுமாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். "நாங்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லையே" என்று நேரடிப் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்கள். வேறொரு லைப்ரரி அதை உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஆக, பாதுகாப்புப் பட்டியலைப் பாக்கிக் கணக்கோடு கூட்டவும் கழிக்கவும் வேண்டாம். அதைத் தனியாக, முதலில் தீர்க்க வேண்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பிராஞ்ச் எண்ணிக்கை சின்னது, ஆனால் ஒன்றே வாரக்கணக்கில் இழுக்கிறது

இங்கேதான் தேதி கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடைமேடைக் கணினியில் சீரியல்போர்ட் என்ற நோட் பேக்கேஜ் இருக்கிறது. லாரி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக எடையை வாங்கித் தருவது அதுதான். அட்டவணையில் அதற்கு ஒரே வரி: 9-லிருந்து மேலே போகும் மேஜர் அப்டேட். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் 10-ஆம் வெர்ஷனில் அதை இறக்குமதி செய்யும் விதமே மாறியது. போர்ட்டின் பாதையையும் பாட் ரேட்டையும் (தகவல் வரும் வேகத்தையும்) தனித்தனியாகக் கொடுத்தது போய், ஒரே ஆப்ஜெக்ட்டில் கொடுக்க வேண்டும் என்று ஆனது. கோடில் மாற்றுவது சின்ன வேலைதான். சோதிப்பதுதான் பெரிய வேலை. சிஐயில் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) எடைமேடை கிடையாது. யாராவது ஆலைக்குப் போய், கேபிளைச் செருகி, காலி லாரியும் நெல் லாரியும் ஏறி இறங்கும்போது எண் சரியாக விழுகிறதா, இண்டிகேட்டரை அணைத்துப் போட்டால் மீண்டும் பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சர்வர் பக்கம் இதற்கு இணை ஸ்பிரிங் பூட். 2-லிருந்து 3-க்கு என்று ஒரு வரி. 2022 நவம்பரில் வந்த அந்த 3-க்கு ஜாவா 17 கட்டாயம். ஜாவாக்ஸ் என்று தொடங்கிய இறக்குமதிகள் பலவும் ஜகார்த்தா என்று மாற வேண்டும். மற்ற பத்துப் பதினைந்து லைப்ரரிகளின் மேஜர் அப்டேட்களும் இது முடிந்தால்தான் நகரும். அட்டவணை இதைத் தனித்தனி வரிகளாகக் காட்டும்; எது எதற்குக் காத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரெனோவேட் இயல்பாக மேஜரையும் மைனரையும் தனி பிஆராகப் பிரிக்கும். ஆனால் மூன்று மேஜர் பின்தங்கிய பேக்கேஜுக்கு, கடைசி மேஜருக்கு நேராகத் தாவும் ஒரே பிஆர்தான் தரும். இடையிலுள்ள படிகள் தெரிய வேண்டுமென்றால் "செபரேட் மல்டிபிள் மேஜர்" என்ற அமைப்பை இயக்க வேண்டும். எண்ணும் கட்டத்திலாவது அதை இயக்கிப் பாருங்கள். எண் கூடும், ஆனால் உண்மைக்கு நெருங்கி வரும்.

எனவே பிராஞ்ச் எண்ணை ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். பில்ட் பச்சையானால் மெர்ஜ் செய்துவிடலாம் (மெயின் கோடில் சேர்த்துவிடலாம்) என்பவை ஒரு குவியல். ஒருவர் மாற்றக் குறிப்பைப் படித்துக் கோடைத் தொட வேண்டியவை இரண்டாவது குவியல். ஆலைக்கோ வாடிக்கையாளரிடமோ போய்ச் சோதிக்க வேண்டியவை மூன்றாவது. மூன்றாவது குவியலில் இருப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும், ஆனால் தேதியைத் தீர்மானிப்பது அதுதான்.

எந்தப் பகுதி எவ்வளவு பழையது என்று காட்ட லிப்இயர் என்ற அளவு உதவும். நீங்கள் வைத்திருக்கும் வெர்ஷன் வெளியான தேதிக்கும் புதியது வெளியான தேதிக்கும் உள்ள இடைவெளியை ஆண்டில் எடுத்து, எல்லாப் பேக்கேஜுக்கும் கூட்டுவது. மாட்யூல்வாரியாகக் கூட்டினால் எந்த மூலையை யாரும் தொடவே இல்லை என்பது உடனே தெரியும்.

அறிகுறி: ஒன்றை மெர்ஜ் செய்தால் மற்ற எல்லா பிஆரும் மீண்டும் பில்ட் ஆகிறது, வரிசை நகரவே இல்லை

எல்லா பிஆரும் ஒரே லாக் ஃபைலைத் தொடுகின்றன. ஒன்று மெர்ஜ் ஆனதும் மற்றவை மோதும், பாட் அவற்றை ரீபேஸ் செய்யும் (புதிய மெயின் கோடின் மேல் மீண்டும் அமைக்கும்), பில்ட் மீண்டும் ஓடும். மெயின் பிராஞ்சோடு சமமாக இருந்தால்தான் மெர்ஜ் என்ற விதியைப் போட்டிருந்தால் மோதல் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிஆரையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாக மெர்ஜ் செய்தால், மிச்சமிருப்பவை ஒவ்வொரு முறையும் ஓடும்: 39, 38, 37 என்று கூட்டினால் 780 மறு பில்ட். ஒரே நேரத்தில் 10 மட்டும் திறந்திருந்தால் அது 315. மூன்று மட்டும் என்றால் 77. அதே நாற்பது அப்டேட்தான். ஒரு பில்ட் இருபது நிமிடம் ஓடும் ரிப்போவில் இந்த வித்தியாசம் சிஐ பில்லில் தெரியும், மற்ற வேலைக்காகக் காத்திருக்கும் டெவலப்பர்களின் முகத்திலும் தெரியும். பாக்கியை மதிப்பிடும்போது பில்ட் நேரத்தையும் இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரம்பைக் குறைத்தால் வேலை தாமதமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். லாக் ஃபைல் ஒன்றாக இருக்கும் ரிப்போவில் குறைந்த வரம்புதான் வேகம்.

மைனர், பேட்ச் எல்லாவற்றையும் ஒரே பிஆராகக் கட்டுவதும் ஒரு வழி. சோதனைகள் நன்றாக இருக்கும் மாட்யூலில் செய்யுங்கள். சோதனை குறைவான இடத்தில், கட்டு உடைந்தால் எதனால் உடைந்தது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

அறிகுறி: சில பேக்கேஜ்களுக்குப் பாக்கியே இல்லை, ஆனால் அவை பழசு என்று தெரியும்

மொமென்ட் என்ற தேதி லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழுவே 2020-இல் இனிப் பராமரிப்பு மட்டும்தான், புது வசதி கிடையாது என்று அறிவித்துவிட்டது. ரிக்வெஸ்ட் என்ற பேக்கேஜ் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் கடைசி வெர்ஷன் 2.88.2. அதை வைத்திருக்கும் ரிப்போவின் பாக்கிப் பட்டியலில் அதற்குப் புது வெர்ஷன் வரி வராது, ஏனென்றால் போவதற்குப் புதிய வெர்ஷன் இல்லை. லிப்இயர் கணக்கிலும் பூஜ்யம்தான் வரும். இதைப் பிடிக்க, கடைசி வெளியீட்டுத் தேதி ரொம்பப் பழையதாக இருக்கும் பேக்கேஜ்களைத் தனியாக வடிகட்டி, கைவிடப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவற்றை "அப்டேட்" என்று எழுதாமல் "மாற்று" என்று எழுதுங்கள்.

அறிகுறி: டேஷ்போர்டு இஷ்யூ (ரெனோவேட் தன் பட்டியலை எழுதி வைக்கும் கிட்ஹப் பதிவு) பாதியில் நிற்கிறது

பாக்கி அதிகமுள்ள ரிப்போவில் இது நடக்கும். கிட்ஹப்பில் ஒரு இஷ்யூவுக்கு 65,536 எழுத்துகள்தான் வரம்பு, அதற்குள் அடங்க ரெனோவேட் பட்டியலை வெட்டிவிடும். டேஷ்போர்டை எண்ணாதீர்கள், லாகை எண்ணுங்கள்.

அறிகுறி: பாக்கி குறைந்துகொண்டே வந்தது, அறுவடைக்குப் பிறகு மீண்டும் ஏறிவிட்டது

டெல்டாவில் வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமானது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா, தாளடி நெல் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எடைமேடையில் சின்னத் தடங்கல் என்றாலும் மேனேஜர் போன் போட்டு "தம்பி, லாரி நிக்குது" என்பார். அந்த நேரத்தில் ஒரு பேட்ச் அப்டேட்டைக்கூட வெளியிட மாட்டோம். சரிதான், வெளியிடவும் கூடாது.

ஆனால் திட்டம் போடும்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்கிட்டால் தேதி தப்பும். மெர்ஜ் செய்யக்கூடியது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட்வரையும், நவம்பர், டிசம்பரில் கொஞ்சமும்தான். நிறுத்தி வைக்கும் மாதங்களிலும் புது வெர்ஷன்கள் வெளிவந்துகொண்டே இருக்கும். அதனால் பழைய பாக்கியோடு, வாரத்துக்குப் புதிதாக எத்தனை பிராஞ்ச் சேருகிறது என்பதும் தெரிய வேண்டும். லுக்அப் ஓட்டத்தை வாரம் ஒருமுறை ஓட்டி அட்டவணையைச் சேமித்தால் இரண்டு மாதத்தில் அந்த வேகம் பிடிபட்டுவிடும். வருவதைவிடத் தீர்ப்பது குறைவாக இருந்தால், எந்தத் தேதி கொடுத்தாலும் பொய்தான். முதல் குவியலுக்கு ஆட்டோமெர்ஜ் (பாட்டே மெர்ஜ் செய்துவிடும் ஏற்பாடு) போட்டாக வேண்டும், அல்லது பேக்கேஜ்களைக் குறைத்தாக வேண்டும்.

நிறுத்தி வைப்பதை ரெனோவேட்டின் ஷெட்யூலில் மாதக்கணக்காகவே எழுதலாம். இரண்டு இடத்தில் கவனம் தேவை. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுக்காவிட்டால் அது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நீங்கள் இரவு என்று நினைத்த நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய் எடைமேடை திறக்கும் நேரத்தில் விழும். அப்புறம், ஷெட்யூல் தடுப்பது புது பிராஞ்சுகளை மட்டும்தான். ஏற்கெனவே திறந்திருப்பவற்றை இயல்பு அமைப்பில் ரெனோவேட் ஷெட்யூலுக்கு வெளியிலும் ரீபேஸ் செய்துகொண்டே இருக்கும். அறுவடை மாதத்தில் சிஐ சும்மா இருக்க வேண்டுமென்றால் "அப்டேட் நாட் ஷெட்யூல்டு" என்பதை அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஜனவரியில் ஒரு பிஆர் வந்து நின்றால் ஷெட்யூல் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தலைப்பைப் பாருங்கள். பாதுகாப்பு எச்சரிக்கைக்காக எழும் பிஆருக்கு ஷெட்யூலும் கிடையாது, டேஷ்போர்டு ஒப்புதலும் கிடையாது. அது உடனே வரும்படிதான் அமைந்திருக்கிறது. அப்படி அறுவடைக்கு நடுவில் வரும் ஒன்றை யார் பார்ப்பது, எந்த ஆலையில் முதலில் சோதிப்பது, எத்தனை மணிக்கு மேடை காலியாக இருக்கும் என்பதை டிசம்பருக்குள் ஆலை மேனேஜரிடம் பேசி, ஒரு பெயரும் போன் எண்ணுமாக ரிப்போவின் ரீட்மீ ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள்.